எரியாத சரத்தில் எங்கே நிற்கிறது 230 வோல்ட்?

மாசி பிறந்துவிட்டால் புதுக்கோட்டைப் பக்கம் சீரியல் செட்டுகளுக்கு ஓய்வு கிடையாது. மாசியில் திருவப்பூர் முத்துமாரியம்மன், பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன், அதே பங்குனியில் கொன்னையூர் மாரியம்மன் என்று பூச்சொரிதலும் காப்புக்கட்டும் தேரோட்டமும் அடுத்தடுத்து வரும். சவுண்ட் சர்வீஸ் கடைகளின் பரணில் கிடந்த சாக்கு மூட்டைகள் அவிழும். உள்ளே சுருண்டிருந்த விளக்குச் சரங்கள் சவுக்குக் கம்புகளில் ஏறி, கோயில் வாசல் தொடங்கி ஊர் முக்கம் வரை தொங்கும்.

பொழுது சாய்கிற நேரத்தில் சுவிட்சைப் போட்டுப் பார்க்கும்போது ஏதாவது ஒரு சரம் மட்டும் இருட்டாக நிற்கும். திருவிழா வேலை பார்த்தவர்களுக்கு அடுத்து நடக்கிற பேச்சு மனப்பாடம்.

“அண்ணே, மூணாவது சரம் எரியல.”

“ஒரு பல்பு பியூஸ் போயிருக்கும். பார்த்து மாத்துடா தம்பி.”

“எந்த பல்புன்னு பாக்குறதுண்ணே? நாப்பதும்ல அணைஞ்சு கெடக்கு!”

பையன் கேட்பது நியாயமான கேள்வி. வீட்டில் சமையலறை பல்பு போனால் கூடத்து பல்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். இங்கே மட்டும் ஒன்று போனால் நாற்பதும் போகிறது. எது போனது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. இதற்கு விடை இரண்டு அளவுகளில் இருக்கிறது. ஒன்று மின்னோட்டம், மற்றது மின்னழுத்தம். நம் ஊர்ப் பேச்சில் ஆம்ஸ், வோல்டேஜ். இந்த இரண்டையும் எங்கே, எப்படி அளப்பது என்று தெரிந்துகொண்டால் அணைந்து கிடக்கும் பல்பு தானாகவே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே வாய்க்கால், நாற்பது இறக்கம்

சீரியல் என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது. முதல் பல்பின் ஒரு முனையில் மின்சாரம் நுழைகிறது. அதன் மறுமுனை இரண்டாவது பல்பின் முனையோடும், இரண்டாவதன் மறுமுனை மூன்றாவதோடும் இணைந்திருக்கிறது. நாற்பதாவது பல்பைக் கடந்தபின்தான் கம்பி திரும்பி பிளக்குக்கு வருகிறது. இடையில் கிளைவழி எதுவும் இல்லை. பள்ளிப் புத்தகம் இதைத் தொடர் இணைப்பு என்கிறது.

கண்மாய்கள் நிறைந்த மாவட்டத்துக்காரர்களுக்கு இதைத் தண்ணீரை வைத்துச் சொல்வது எளிது. மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக வழிந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே உள்ளதற்கு. அந்த ஓடையில் எங்கும் மடை பிரியவில்லை, வழியில் தண்ணீர் சேரவும் இல்லை, குறையவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது முதல் இறக்கத்தில் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் விழுகிறதோ அதே அளவுதான் கடைசி இறக்கத்திலும் விழும். ஆனால் உயரம் அப்படியல்ல. மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்த உயரத்தை ஒவ்வொரு இறக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுக்கொள்கிறது.

மின்னோட்டம் என்பது அந்தத் தண்ணீரின் அளவு. மின்னழுத்தம் என்பது உயர வித்தியாசம். தொடர் இணைப்பில் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். மின்னழுத்தம் மட்டும் பங்காகிறது.

இதையே எண்களில் பார்க்கலாம். நாற்பது பல்பும் ஒரே மாதிரியானவை. சரம் முழுக்க 0.1 ஆம்பியர் ஓடுகிறது என்று கொள்வோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதை நாற்பதால் வகுத்தால் ஒரு பல்புக்கு 5.75 வோல்ட். ஆறு வோல்ட்டுக்குச் செய்த சின்னப் பல்பு 230 வோல்ட் பிளக்கில் பிழைத்திருப்பது இந்தப் பங்கீட்டால்தான். ஓட்டத்தை எதிர்க்கும் மின்தடை ஒவ்வொரு பல்புக்கும் எவ்வளவு என்பது 5.75-ஐ 0.1-ஆல் வகுத்தால் கிடைக்கும்: 57.5 ஓம். நாற்பதும் சேர்ந்தால் 2,300 ஓம். 230 வோல்ட்டை 2,300 ஓமால் வகுத்தால் மறுபடியும் அதே 0.1 ஆம்பியர். கணக்கு சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது.

அறுந்த இடத்தில் குவியும் அழுத்தம்

இப்போது இருபத்து மூன்றாவது பல்பின் இழை அறுந்துவிட்டது. வாய்க்காலின் நடுவில் சுவர் எழுப்பியது போல, சரம் முழுக்க ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆம்பியர் பூஜ்யம். நாற்பதும் இருட்டு.

வோல்ட் என்ன ஆனது? பலரும் அதுவும் போய்விட்டது என்றே நினைக்கிறார்கள். போகவில்லை. நல்ல நிலையில் உள்ள ஒரு பல்பின் இரண்டு முனைகளிலும் வோல்ட் மீட்டரை வைத்தால் பூஜ்யம் காட்டும். ஓட்டம் இல்லாத இடத்தில் மின்தடை எந்த அழுத்தத்தையும் இறக்கிக்கொள்வதில்லை. அதே மீட்டரை அறுந்த பல்பின் இரு முனைகளில் வைத்தால் முள் 230-க்கு எகிறும். நாற்பது பேர் பங்கிட்டுக்கொண்டிருந்த மொத்த அழுத்தமும் அந்த ஒரே இடத்தில் வந்து குவிந்திருக்கிறது. முப்பத்தொன்பது பல்புகள் பூஜ்யம், ஒன்று மட்டும் 230. பையன் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

இதிலேயே ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. எரியாத சரம் என்றால் கரண்ட் இல்லாத சரம் என்று எண்ணிக் கை வைப்பவர்கள் உண்டு. பேஸ் பக்கத்திலிருந்து அறுந்த பல்பு வரை உள்ள கம்பி, பல்புப் பிடி, மூட்டு எல்லாமே முழு 230 வோல்ட்டில் நிற்கின்றன. டெஸ்டரை வைத்தால் அந்த இடம் வரை ஒளிரும், அதைத் தாண்டினால் ஒளிராது. இரண்டு முள் பிளக்கைத் திருப்பிச் செருகினால் பேஸ் மறுமுனையிலிருந்து வரத் தொடங்கும். சற்றுமுன் டெஸ்டரில் ஒளிராத பக்கம் இப்போது ஒளிரும். இருட்டாக இருக்கும் சரத்தில் கை வைக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. அந்த சுவிட்ச் நியூட்ரலில் கட்டியிருந்தால் பேஸ் உள்ளேயே இருக்கும்.

முறுக்கிவிடும் வழக்கமும் அதன் விலையும்

மாற்றுப் பல்பு கையில் இல்லாதபோது, போன பல்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றிவிடுவது திருவிழாக் களத்தில் சகஜம். சரம் உடனே எரியும். முப்பத்தொன்பது பல்புகளுக்கு ஆளுக்கு 5.9 வோல்ட், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த திருவிழாவில் இன்னும் இரண்டு, அதற்கடுத்ததில் இன்னும் மூன்று. முப்பது பல்புகள் மிஞ்சும்போது ஒவ்வொன்றின் தலையிலும் ஏறுவது 7.67 வோல்ட். பளிச்சென்று அழகாக எரியும், சீக்கிரம் போகும். ஒன்று போனபின் மிச்சமுள்ளவற்றின் சுமை மேலும் கூடும். மீட்டர் வைத்துப் பார்க்காதவர் “இந்தத் தடவை பல்பு சரியில்லை” என்று கடைக்காரரைக் குறை சொல்வார்.

இப்போது சந்தையை நிறைத்திருக்கும் எல்.இ.டி. சரங்களிலும் அடிப்படை மாறவில்லை. சிவப்பு எல்.இ.டி.க்கு ஏறத்தாழ 2 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் ஏறத்தாழ 3 வோல்ட் என்று வரிசையாகக் கோத்து, மிச்ச அழுத்தத்தை ஒரு மின்தடை வாங்கிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். இழை பல்பைவிட எல்.இ.டி. நுட்பமானது. வோல்ட் கொஞ்சம் கூடினாலே அதில் ஓடும் ஆம்பியர் பல மடங்கு பாயும். அதனால் இங்கே முறுக்கிவிடும் பழக்கம் இன்னும் சீக்கிரம் வேலையைக் கெடுக்கும்.

வழிமறித்து ஒன்று, பக்கத்தில் நின்று ஒன்று

அம்மீட்டரும் வோல்ட் மீட்டரும் பார்க்க அண்ணன் தம்பி போல இருக்கும். இணைக்கும் முறை மட்டும் நேர் எதிர்.

ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்க, தண்ணீர் முழுவதும் கருவியின் வழியாகப் போயாக வேண்டும். வீட்டுக் குழாயில் தண்ணீர் மீட்டர் பொருத்தும்போது குழாயை வெட்டி நடுவில் வைப்பது போல, அம்மீட்டரைக் கம்பியை அறுத்து நடுவில் வைக்க வேண்டும். அதாவது தொடர் இணைப்பில். தான் நுழைந்ததால் ஓட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக அதன் உள் மின்தடையை மிகமிகக் குறைவாக வைத்திருப்பார்கள்.

வோல்ட் மீட்டர் கேட்பது வேறு: இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் எவ்வளவு வித்தியாசம்? அதற்குக் கம்பியை அறுக்கத் தேவையில்லை. பல்பின் இரு முனைகளிலும் இரு குச்சிகளைத் தொட்டால் போதும். இது பக்க இணைப்பு. தன் வழியாக மின்சாரம் கணிசமாகத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக அதன் உள் மின்தடை மிகமிக அதிகம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் மலிவான மஞ்சள் நிற டிஜிட்டல் மல்டிமீட்டரிலேயே வோல்ட் அளக்கும்போது உள் மின்தடை பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும்.

வோல்ட் மீட்டரைத் தெரியாமல் தொடர் இணைப்பில் வைத்தால் பெரிய கேடு இல்லை. அதன் பெரிய மின்தடை ஓட்டத்தைத் தடுத்துவிடும், சரம் எரியாது, அவ்வளவுதான். அம்மீட்டரைப் பக்க இணைப்பில் வைப்பதுதான் ஆபத்து. மின்தடை ஏறத்தாழ இல்லாத குறுக்கு வழி கிடைத்ததும் மின்சாரம் முழுவதும் அதன் வழியே பாயும். மல்டிமீட்டரில் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு, மறந்துபோய் வீட்டு பிளக்கில் வோல்ட் பார்க்கக் குச்சியைச் செருகுவது இந்த வகைத் தவறு. மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு பியூஸ்கூட இருக்காது. தீப்பொறி பறக்கும், குச்சியின் முனை உருகும், கை சுடும். மீட்டரைக் கையில் எடுத்ததும் முதலில் சிவப்பு வயர் எந்தத் துளையில் இருக்கிறது, திருகி எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பது நல்ல எலக்ட்ரீஷியன்களின் அனிச்சைச் செயல்.

ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டிகளைத் தூக்கிச் சென்ற காலம் ஒன்று இருந்தது. பிரிட்டன் தபால் துறையில் தொலைபேசி, தந்திச் சுற்றுகளைப் பராமரித்த டொனால்ட் மெக்காடி என்ற பொறியாளர் அந்தச் சுமையில் அலுத்துப்போய், மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923-ல் அது விற்பனைக்கு வந்தபோது ஆம்பியர், வோல்ட், ஓம் மூன்றின் முதல் எழுத்துகளைக் கோத்து ஏவோ மீட்டர் என்று பெயர் வைத்தார்கள். இன்று எலக்ட்ரீஷியனின் பையில் கிடக்கும் மல்டிமீட்டர் அந்த வம்சம்.

ஒன்பது வோல்ட்டில் ஒரு சோதனை

மேலே சொன்ன அளவுகளையெல்லாம் 230 வோல்ட்டில் யாரும் எடுத்துப் பார்க்கக் கூடாது. மேசை மேல், ஒரு 9 வோல்ட் பேட்டரியை வைத்துச் சிறுவர்களே செய்துவிடலாம். தேவையானவை பேட்டரி, மல்டிமீட்டர், 100 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) மூன்று. ரெசிஸ்டர்கள் எலக்ட்ரானிக்ஸ் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். பழுப்பு, கறுப்பு, பழுப்பு என்று மூன்று வளையங்களும் ஒரு தங்க வளையமும் இருந்தால் அது 100 ஓம்.

மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முறுக்கி இணைத்து, இரண்டு முனைகளையும் பேட்டரியில் கொடுக்க வேண்டும். மொத்தம் 300 ஓம். 9-ஐ 300-ஆல் வகுத்தால் 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர். இப்போது ஓரிடத்தில் இணைப்பைப் பிரித்து, பிரிந்த இரு முனைகளுக்கும் இடையில் மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துப் பார்க்கலாம். முதல் ரெசிஸ்டருக்கு முன்னால் ஒரு முறை, முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு முறை, பிறகு அடுத்த நடுவில், கடைசியில் ஒரு முறை. நான்கு இடத்திலும் எண் ஒன்றேதான். “முதல் ரெசிஸ்டர் கொஞ்சம் தின்றுவிடும், கடைசிக்குக் குறைவாகத்தான் போகும்” என்று பந்தயம் கட்டும் மாணவர்கள் எந்த வகுப்பிலும் உண்டு. அந்தத் தப்பெண்ணத்தை நான்காவது அளவு கலைத்துவிடும்.

அடுத்தது வோல்ட். சிவப்பு வயரைச் சரியான துளைக்கு மாற்றி, திருகியை 20 வோல்ட் நேர்மின் அளவில் வைத்து, ஒவ்வொரு ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் தொட வேண்டும். மூன்று, மூன்று, மூன்று என்று எதிர்பார்த்தால் 2.93, 2.98, 2.90 என்பது போல ஏதாவது வரலாம். தங்க வளையத்துக்கு நூற்றுக்கு ஐந்து வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று பொருள். அதோடு, பேட்டரிக்குள்ளும் ஒரு சிறு மின்தடை உண்டு; சுமை ஏறியதும் பேட்டரியின் 9 வோல்ட் கொஞ்சம் இறங்கும். ஆனால் மூன்று அளவுகளையும் கூட்டினால், அதே நேரத்தில் பேட்டரியின் முனைகளில் அளந்த எண்ணோடு பொருந்தும். பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் ‘மின்னோட்டவியல்’ பாடத்தில் படிக்கும் சூத்திரம் கை விரல்களுக்கு வந்துசேரும் இடம் இது.

கடைசியாக, நடு ரெசிஸ்டரைக் கழற்றி எடுத்துவிட்டு அந்த இடைவெளியின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால் ஏறத்தாழ 9 வோல்ட் முழுவதும் காட்டும். மற்ற இரண்டிலும் பூஜ்யம். அணைந்த சீரியல் செட்டின் கதை, அடி வாங்காமல், மேசை மேலேயே நடந்துவிடுகிறது.

வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றுக்கும் இடையிலான இந்த எளிய உறவைக் கண்டுபிடிக்க ஒரு பள்ளி ஆசிரியர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஜெர்மனியின் எர்லாங்கனில் 1789-ல் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த கியோர்க் ஓம், கொலோன் நகரப் பள்ளியில் பாடம் நடத்தியபடியே சோதனை செய்தார். அவர் கையில் அம்மீட்டர் கிடையாது. அன்றைய பேட்டரிகளோ நிமிடத்துக்கு நிமிடம் வலு குறையும். அதனால் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மறு மூட்டைப் பனிக்கட்டியிலும் வைத்து, அந்த வெப்ப வித்தியாசத்திலிருந்து நிலையான மின் அழுத்தத்தைப் பெற்றார். தொங்கவிட்ட காந்த ஊசி எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் அவருடைய ஆம்பியர் கணக்கு. 1827-ல் புத்தகம் வெளிவந்தபோது சொந்த நாட்டிலேயே வரவேற்பு இல்லை, வேலையையும் விட்டார். லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்தது 1841-ல். ரெசிஸ்டரை அளக்கும் அலகுக்கு இன்று நிற்பது அவர் பெயர்.

மோட்டார் கொட்டகையின் இரண்டு கண்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் அம்மீட்டரையும் வோல்ட் மீட்டரையும் அன்றாடம் பார்க்கிறவர்களைத் தேடினால் பள்ளி ஆய்வகத்தைவிட வயல்வெளியில்தான் அதிகம் பேர் கிடைப்பார்கள். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பலாவும் வாழையும் பூச்செடிகளும் ஆழ்துளைக் கிணற்றை நம்பி நிற்கின்றன. மோட்டார் கொட்டகையின் ஸ்டார்ட்டர் பெட்டியில் வட்டமாகவோ சதுரமாகவோ இரண்டு முகங்கள் இருக்கும். ஒன்று வோல்ட், மற்றது ஆம்பியர்.

மும்முனை மின்சாரம் வந்ததும் பட்டனைத் தட்டுவதற்கு முன் கண் போவது வோல்ட் மீட்டருக்கு. 415-ஐ ஒட்டி நின்றால் நிம்மதி. 350-க்கும் கீழே கிடந்தால் அனுபவசாலி கை வைக்கமாட்டார். அழுத்தம் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும். இழுத்தால் காயில் சூடாகும். சூடு தாங்காமல் போனால் குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டக் கொண்டுபோக வேண்டும்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் கண் ஆம்பியருக்கு மாறுகிறது. ஐந்து எச்.பி. மும்முனை மோட்டார் ஒன்று ஓட்டத்தில் ஏழிலிருந்து பத்து ஆம்பியர் வரை எடுக்கலாம். சரியான எண் மோட்டாரின் தகட்டிலேயே அடித்திருக்கும். “ஆம்ஸ் இறங்கிப்போச்சு” என்றால் கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் சும்மா சுற்றுகிறது. “ஆம்ஸ் ஏறுது” என்றால் மணலோ கல்லோ சிக்கியிருக்கலாம், வோல்டேஜ் குறைந்திருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். பல நூறு அடி ஆழத்தில், கண்ணில் படாத இடத்தில் இயந்திரம் என்ன பாடுபடுகிறது என்பதை ஒரு முள்ளின் அசைவு மேலே வந்து சொல்லிவிடுகிறது. அந்த முள் உண்மை சொல்வதற்குக் காரணம் தொடர் இணைப்பின் விதிதான். கொட்டகையில் உள்ள அம்மீட்டரும் கீழே போகும் கேபிளும் ஒரே வரிசையில் இருப்பதால், மேலே அளந்த ஆம்பியர்தான் கீழேயும்.

மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்ட் மீட்டரின் முள் ஒரு முறை தாழ்ந்து எழுவதையும் பார்க்கலாம். இதுவும் அதே பாடம். டிரான்ஸ்பார்மரிலிருந்து கொட்டகை வரை வரும் கம்பிக்கும் மின்தடை உண்டு. அது மோட்டாரோடு தொடர் இணைப்பில் நிற்கிறது. ஒரு கம்பியின் மின்தடை ஒரு ஓம் என்று வைத்தால், 8 ஆம்பியர் ஓடும்போது அந்தக் கம்பி 8 வோல்ட்டை வழியிலேயே எடுத்துக்கொள்கிறது. கிளம்பும்போது மோட்டார் ஓட்டத்தில் எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அப்போது அதே கம்பியில் நாற்பது வோல்ட்டுக்கு மேல் இறங்கிவிடும். லைனின் கடைசியில் உள்ள தோட்டத்துக்காரருக்கு மட்டும் எப்போதும் லோ வோல்டேஜ் தொல்லை வருவதன் கணக்கு இது. மூட்டு தளர்ந்து துருப்பிடித்திருந்தால் அந்த ஒரு இடமே ஒரு கூடுதல் ரெசிஸ்டர் ஆகிவிடும். அங்கே இறங்கும் வோல்ட் சூடாக மாறி மூட்டையே கருக்கிவிடும்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது இந்தப் பகுதியின் தென்னையும் பலாவும் சாய்ந்தன, மின்கம்பங்களும் சாய்ந்தன. வோல்ட் மீட்டர் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடந்த நாட்கள் அவை. ஊர் ஊராகப் பணம் திரட்டி வாடகை ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்து மேல்நிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். ஜெனரேட்டர் சரியான அழுத்தம் தருகிறதா, மோட்டாரைக் கொடுக்கலாமா என்று பார்த்துச் சொல்ல ஸ்டார்ட்டர் பெட்டிகளின் இரண்டு முகங்கள்தான் இருந்தன.

பட்டறையின் பல்பு, வீட்டின் காவல்

மிக்ஸி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி பழுது பார்க்கும் கடைகளில் ஒரு பலகை தொங்கும். அதில் ஒரு 100 வாட் குண்டு பல்பும் ஒரு பிளக் பாயின்ட்டும் இருக்கும். இதை சீரியல் போர்டு என்பார்கள். பழுதான சாமானை நேரடியாகக் கரண்டில் செருகாமல் இந்தப் பலகையில் செருகுவார்கள். அப்போது அது பல்போடு தொடர் இணைப்பில் வரும். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் 230 வோல்ட் முழுவதும் பல்புக்கே போகும், பல்பு பளிச்சென்று எரியும், பியூஸ் போகாது. உள்ளே காயில் அறுந்திருந்தால் பல்பு எரியவே எரியாது. சாமான் நன்றாக இருந்தால் இரண்டும் அழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்ள, பல்பு சற்று மங்கலாக எரியும். அம்மீட்டர் வாங்க முடியாத காலத்தில் பட்டறைக்காரர்கள் பல்பின் வெளிச்சத்தையே முள்ளாக வைத்துக்கொண்டார்கள்.

இதே தத்துவம் வீட்டு மெயின் போர்டிலும் உயிர்க்காவலாக நிற்கிறது. ஈ.எல்.சி.பி. என்றும் ஆர்.சி.டி. என்றும் சொல்லப்படும் பெட்டி செய்வது ஒரே ஒரு ஒப்பீடு. பேஸில் போன மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பிய மின்னோட்டமும் சமமா? கிளை இல்லாத சுற்றில் இரண்டும் சமமாகத்தான் இருந்தாக வேண்டும். சமமில்லை என்றால் யாரோ, எதுவோ நடுவில் ஒரு கிளைவழி ஆகியிருக்கிறார்கள்: ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட ஒருவரின் உடல் வழியே கொஞ்சம் மின்சாரம் மண்ணுக்குப் போகிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன்போ எட்டியதுமோ பெட்டி கண்ணிமைக்கும் நேரத்தில் தொடர்பைத் துண்டிக்கும். மேசைச் சோதனையில் மூன்று ரெசிஸ்டர்களின் வழியே ஓடியதும் அதே 30 மில்லி ஆம்பியர்தான். ஒன்பது வோல்ட் பேட்டரியால் உலர்ந்த தோலைத் தாண்டி அவ்வளவைத் தள்ள முடியாது. 230 வோல்ட்டால் முடியும்.

மூணாவது சரம்

இனி அந்தப் பையனிடம் திரும்பலாம். அண்ணன் முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்கிறார். பிறகு மல்டிமீட்டரைக் கீச்சென்று ஒலிக்கும் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு குச்சியைச் சரத்தின் தொடக்கத்திலும் மற்றதை இருபதாவது பல்பு தாண்டியும் தொடுகிறார். சத்தம் வந்தால் முதல் இருபதும் நல்லவை, கோளாறு பின்பாதியில். பின்பாதியை இரண்டாக்கிப் பத்து. அதை இரண்டாக்கி ஐந்து. பிறகு மூன்று, இரண்டு, ஒன்று. சரத்தின் நீளத்தில் மின்தடை கூடுதலாகிச் சத்தம் வராவிட்டால் ஓமில் வைத்து எண்ணைப் பார்க்கிறார். எண் வந்தால் வழி இருக்கிறது, வராவிட்டால் அறுந்திருக்கிறது. நாற்பதையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அதிகம் போனால் ஆறு தொடல்.

“இந்தா, இருபத்து மூணாவது. ஆறு வோல்ட் பல்பு போடு, வேற போட்டுறாதே.”

பையன் மாற்றுகிறான். பிளக் ஏறுகிறது, சரம் எரிகிறது. அண்ணன் அதற்குள் நான்காவது சரத்தைப் பார்த்தபடி நிற்கிறார். அது மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக எரிகிறது. விரல் விட்டு எண்ணுகிறார். முப்பத்து நான்கு. போன வருஷம் யாரோ ஆறு பல்புகளை வெட்டி முறுக்கிவிட்டிருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 6.76 வோல்ட்டைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. தேர் கிளம்ப இன்னும் நேரம் இருக்கிறது. அதையும் இறக்கச் சொல்லி, டேப் சுற்றிய இடங்களைத் தேடிப் பிரித்து, ஆறு பல்புகளையும் திரும்பச் சேர்க்கத் தொடங்குகிறார்கள்.